வெள்ளிக்கிழமை போண்டா

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள் மிருதுளா.

திலகவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பட்டியலிலிருந்து சபாபதியின் பெயரை எடுத்துவிடு என்றாள், அவ்வளவுதான். சொன்னவள் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவள். கேட்டுக்கொண்டு நின்றவள் பணியாளர் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அந்தப் பெண் அனுமதி கேட்கப் போகிற அக்கா யார் என்று பார்த்தால், அதுவும் திலகவதிதான். இந்தக் கூத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மிருதுளா துப்பட்டாவில் குத்தியிருந்த சட்டைப் பித்தான் அளவு கிளிப்பை அழுத்தினாள். அதில் பச்சை விளக்கு எரிந்தது.

"அக்கா, சபாபதி சார் பேரை லிஸ்ட்லருந்து எடுக்கலாங்களா?"

"எதுக்குக் கண்ணு எடுக்கணும்? இந்த வாரம் அவன் கையால என்ன செஞ்சான்னு கேட்டுட்டு வா" என்றது கிளிப்.

திலகவதியின் குரல்தான். ஆனால் இப்போதிருக்கும் குரல் இல்லை. மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப்போன, முப்பது வயதின் குரல்.

"எடுக்க முடியாதாம் மேடம்" என்று மிருதுளா மிகுந்த மரியாதையோடு தெரிவித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வருத்தப்படாதீங்க. நானும் போன மாசம் என் நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் லீவு கேட்டேன். ஒரு நாள் போதும்னுட்டாங்க" என்றாள்.

"நீ என்ன பண்ணினே?"

"ஒரே நாள்ல முடிச்சுட்டோம் மேடம். அக்கா சொன்னா சரியாத்தான இருக்கும்?"

திலகவதி தன் அறைக்குத் திரும்பினாள்.

'ஊற்றுக்கண்' நிறுவனம் செய்வது ஒரே ஒரு பெட்டி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரோடு அதைப் பொருத்திவிட்டால், மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுழன்றால் சத்தம் மாறும். உடனே பெட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும், மோட்டார் கருகாமல் பிழைக்கும். இதைக் கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகையில் பதினோரு பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். மோட்டார் சத்தங்களைப் பதிவு செய்ய உத்தரத்தில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது இரவு பகலாக வருடக்கணக்கில் ஓடியது. மோட்டாரைக் கேட்ட மைக், மனிதர்களையும் சேர்த்தே கேட்டது. அந்நாளில் திலகவதி போட்ட சத்தம் எந்த மோட்டாருக்கும் குறைந்ததில்லை.

பிறகு முதலீடு வந்தது, நீலாம்பூரில் தொழிற்சாலை வந்தது, ஆட்கள் முந்நூறைத் தாண்டினார்கள். திலகவதியின் அறை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. காலையில் வந்தவனிடம் ஒன்றைச் சொல்வாள், மாலையில் வந்தவனிடம் அதற்கு நேர்மாறாகச் சொல்வாள். இருவரும் அவள் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். முதலீட்டாளர்கள் சார்பில் ஸ்ரீவத்சன் என்பவர் மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்து, வெல்லத்தில் தோய்த்த குரலில் அறிவுரை சொல்வார்.

"பாருங்க திலகா, கம்பெனி வளர்றதுக்கு இப்போ ஒரே தடை நீங்கதான். தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல ஃபவுண்டர் எல்லா இடத்துலயும் இருக்கணும்."

அவர் அனுப்பிவைத்த ஆலோசகர் வேறு மாதிரி சொன்னார். நல்ல நிறுவனர் எங்கேயுமே இருக்கக்கூடாதாம். ஆட்களைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம். திலகவதி இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். எல்லா இடத்திலும் இருந்துகொண்டே எங்கேயும் இல்லாமல் இருப்பது கடவுளுக்கு மட்டுமே சரிப்பட்டு வரும் என்று நினைத்தாள். தொழில்நுட்பப் பிரிவிலிருந்த நவநீதன்தான், "அதுக்கு ஒரு வழி இருக்கு மேடம்" என்றான்.

அப்படிப் பிறந்தவள்தான் அக்கா. கொட்டகை மைக்கில் பதிவாகியிருந்த திலகவதியின் பேச்சையெல்லாம் ஊட்டி வளர்த்த செயற்கை மூளை. ஆளுக்கொரு கிளிப். என்ன சந்தேகம் வந்தாலும் அழுத்திக் கேட்டால், திலகவதி என்ன சொல்வாளோ அதைத் திலகவதியின் குரலிலேயே சொல்லிவிடும். ஆண்டு விழாவில் அதை அறிமுகப்படுத்தும்போது மேடையில் அவளே அறிவித்தாள்: "இனிமே அக்கா சொன்னா சொன்னதுதான். நானே வந்து மாத்திச் சொன்னாலும் கேக்காதீங்க!" அன்றைக்கு எழுந்த கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. தன் வாயாலேயே தன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்ட முதலாளியை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் சில மாதங்கள் சொர்க்கம். வரிசை காணாமல் போயிற்று. தொழிற்சாலையில் எல்லோரும் அக்காவோடு ஒட்டிக்கொண்டார்கள். அக்கா திட்டுவாள், கிண்டலடிப்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். கொட்டகையில் எல்லோருக்கும் அக்காவாக இருந்த திலகவதியோ மேடமாகி நெடுநாளாயிற்று. மேடம் யாரையும் திட்டுவதில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்பதில்லை.

வினை போண்டா வழியாக வந்தது.

கொட்டகைக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். அந்த வாரம் தன் கையால் செய்தது என்னவென்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவன் எதிர்க் கடையில் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். "மூணு வாரம் தொடர்ந்து போண்டா வாங்குனவன் நாலாவது வாரம் வீட்டுலயே இருந்துக்க!" என்று திலகவதி சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். அப்படி ஒருவரும் வீட்டுக்குப் போனதில்லை. பதினோரு பேர் இருபத்திரண்டு கையாலும் வேலை செய்த இடத்தில் எவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும்?

அந்தச் சிரிப்பு அக்காவின் காதில் விழவில்லை. விதி மட்டும் விழுந்தது.

நீலாம்பூரில் வெள்ளிக்கிழமை தோறும் அக்கா எல்லோரையும் கேட்கத் தொடங்கினாள். பெட்டியின் பாகங்களைப் பூட்டுகிறவனுக்குப் பதில் இருந்தது, சர்க்யூட் வரைகிறவளுக்கும் இருந்தது. மேலாளர்களுக்குத்தான் இல்லை. 'ஒருங்கிணைத்தேன்' என்றார் ஒருவர். "அது எந்தக் கையால?" என்றாள் அக்கா. 'வியூகம் வகுத்தேன்' என்றார் இன்னொருவர். "போண்டா வாங்கிட்டு வா கண்ணு" என்றாள். மூன்று வாரம் போண்டா வாங்கி, நான்காவது வாரம் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். கீழே இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஸ்ரீவத்சனுக்கு அதைவிடக் கொண்டாட்டம். சம்பளச் செலவு இறங்கியிருந்தது. இதுதான் வளர்ச்சி என்று அவர் ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்.

மிஞ்சிய மேலாளர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி பூட்டும் வரிசையில் ஒரு புதிய கூட்டம் நிற்கத் தொடங்கியது. நிதிப் பிரிவுத் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு ஒயரைப் பற்றவைப்பார். விற்பனைத் தலைவர் நான்கு ஸ்க்ரூ முடுக்குவார். முடுக்கிவிட்டு, அழுக்கைக் கழுவாமல் கையை விரித்துப் பிடித்தபடியே சாயங்காலம்வரை திரிவார். பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஓர் ஊரில் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மோட்டார் கருகியே போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே ஒயர் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகத்தின் கைவண்ணம்.

இப்போது சபாபதியின் முறை.

சபாபதி தொழிற்சாலைத் தலைவன். பாலிடெக்னிக் முடித்த கையோடு கொட்டகைக்கு வந்தவன், நிறுவனத்தின் இரண்டாம் எண் ஊழியன். அந்நாளில் அவன் கையால் செய்யாத பெட்டியே கிடையாது. இன்றைக்கு அவனிடம் இருநூறு பேர். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர்கள் நடுவில் நடந்துகொண்டிருப்பான். எதையும் தொடுவதில்லை. இரண்டு வெள்ளிக்கிழமையாக அக்கா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போண்டா வாங்கி வந்தான். வரும் வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னால் போய்விட வேண்டியதுதான். சபாபதி போனால் அந்தத் தொழிற்சாலை ஒரு மாதம் தாங்காது. அது திலகவதிக்குத் தெரியும். அவன் இல்லாமல் தானும் தாங்கமாட்டோம் என்பதும் தெரியும். அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"சபா, ஒரு ஸ்க்ரூ முடுக்கிட்டு முடுக்கினேன்னு சொல்லித் தொலையேன். உனக்கென்ன கஷ்டம்?"

"அத்தனை பேரும் முடுக்கற ஸ்க்ரூவ நானும் போய் முடுக்கணுமுங்களா மேடம்?" என்று சிரித்தான் சபாபதி. "இப்பவே வெள்ளிக்கிழமை மத்தியானமெல்லாம் அவங்க முடுக்குனதைக் கழட்டி மாட்டறதுக்குன்னே நாலு பேரைப் போட்டிருக்கறன்."

"அதையாவது சொல்லேன்!"

"சொன்னா முடுக்கறவங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருவாங்க. குழந்தைகுட்டிக்காரங்க. பாவமுங்க."

"அப்ப நீ போறேங்கறியா?"

"அந்தக் குரல் நீங்கதானுங்க. அது என்னையப் போகச் சொன்னா, நீங்க சொன்ன மாதிரிதான எடுத்துக்கோணும்? பதிமூணு வருசமா அப்படித்தான எடுத்துக்கறன்."

"நான் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆனா போக வேண்டாம்னும் நீங்க சொல்லலீங்களே. ரெண்டு வெள்ளிக்கிழமை போயிருச்சு."

திலகவதிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவன் எழுந்து போனான்.

நேராக நவநீதனிடம் போனாள்.

"அக்காவை நிறுத்து."

"முடியாது மேடம். போர்டு ஓட்டுப் போடணும். போர்டு அடுத்த மாசம்தான் கூடுது. நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க, யாரும் நெனச்ச நேரத்துல நிறுத்த முடியக்கூடாதுன்னு?"

"அப்ப திருத்து. அவளுக்குக் கொட்டகைதான் தெரியுது. அதுக்கப்புறம் நான் எத்தனை வருஷம் இந்த ஆபீஸ நடத்தியிருக்கேன்! அதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலையா?"

நவநீதன் நெளிந்தான். நல்ல பையன், பொய் சொல்ல வராது.

"கொடுத்துப் பாத்தோம் மேடம். மீட்டிங் ரெக்கார்டிங் எல்லாம் மலையா இருக்கு. ஆனா அதுல நீங்க எதுவும் சொல்லல."

"எதுவும் சொல்லலையா?"

"யாராவது வந்து ஒரு பிரச்சினையச் சொல்வாங்க. நீங்க கேட்டுட்டே இருப்பீங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் வராது. அப்புறம் அவங்களே, 'சரி மேடம், நான் இப்படிப் பண்ணிடறேன்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீங்க 'ம்'-னு சொல்வீங்க. அதுல இந்த மிஷின் என்னத்தக் கத்துக்கும்? வெறும் மௌனம். அதனால சத்தமில்லாத பகுதின்னு மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டோம்."

திலகவதி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த 'ம்' அவளுக்கு எளிதில் வந்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ள அவளுக்குப் பல வருடம் பிடித்தது. வாயில் விடை வந்து முட்டும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேதனை, பேச்சே தொழிலாக இருந்தவளுக்குத்தான் தெரியும். எதிரே இருக்கிறவன் தடுமாறித் தப்பாகவே ஒரு முடிவுக்கு வந்தாலும், அது அவன் முடிவாக இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அவள் கற்ற ஒரே தலைமைப் பாடம் அதுதான். அதைச் சத்தமில்லாத பகுதி என்று வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

"உன் கிளிப்பைக் கொடு. அவகிட்ட நானே பேசறேன்."

"அவங்களுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது மேடம். கிளிப் எந்த ஊழியர் எண்ணோ, அந்த ஊழியர்தான் பேசறதா நெனச்சுக்குவாங்க."

"பரவால்ல, கொடு."

பச்சை விளக்கு எரிந்தது.

"சொல்லு கண்ணு."

தன் குரலைத் தானே எதிரே உட்காரவைத்துக் கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "சபாபதியைப் பத்திப் பேசணும். அவன் வேலை செய்யாம இல்ல."

"அப்ப என்ன செஞ்சான்னு சொல்லு."

"போன மாசம் பெயிண்ட் பிரிவுல ரெண்டு பேருக்குச் சண்டை. ரெண்டு பேரும் வேலைய விட்டுப் போறேன்னு நின்னாங்க. சபாபதி அன்னிக்கு முழுக்க அவங்க பக்கத்துல போய் உக்காந்திருந்தான். சாயங்காலம் ரெண்டு பேரும் அவங்களாவே பேசிச் சரியாயிட்டாங்க."

"சரி. அவன் என்ன செஞ்சான்?"

"உக்காந்திருந்தான்."

"அதத்தான் கண்ணு நானும் கேக்கறேன். என்ன செஞ்சான்?"

இவளோடு வேலை பார்த்தவர்கள் எப்படித்தான் தாங்கினார்களோ என்று திலகவதிக்கு முதன்முதலாகத் தோன்றியது. கொட்டகையில் கூட இருந்த பத்துப் பேரையும் நினைத்துப் பாவமாக இருந்தது. இந்த முப்பது வயதுக்காரிக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? சரியான சொல்லைத் தேடி அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள்.

பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

"பேச்சு நின்னா அக்கா லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்றான் நவநீதன். "மௌனம்னா அவங்களுக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம்."

திலகவதி கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போகச் சொன்னதும் என்ன நடக்கும்?"

"எல்லாம் தானா நடந்துடும் மேடம். அவங்க எண்ணுல இருக்கறது அத்தனையும் அந்த நிமிஷமே மூடிக்கும். கேட் கார்டு, மெயில், கம்ப்யூட்டர், எல்லாம்."

"எனக்கு ஏன் கிளிப் இல்ல?"

"உங்ககிட்டயே நீங்க என்னத்தக் கேக்கப் போறீங்க?" என்று நவநீதன் சிரித்தான். "அதுவுமில்லாம ஒண்ணாம் எண் உங்களுது. அக்காவே அந்த எண்ணுலதான் ஓடுறாங்க. முதல்ல ஆரம்பிக்கறப்போ வேற எண் கையில இல்ல, உங்க எண்ணுலயே போட்டுட்டோம். அப்படியே விட்டுப்போச்சு."

திலகவதி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நவநீதனும் லைன் கட்டாகிவிட்டதோ என்று பயந்து, "மேடம்?" என்றான்.

"எனக்கும் ஒரு கிளிப் போட்டுக் கொடு" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிற்சாலைத் தளத்தில் எல்லோரும் கூடினார்கள். சபாபதி முன்கூட்டியே போண்டா வரவழைத்திருந்தான். பெரிய அண்டாவில், வாழை இலை போட்டு மூடி, சட்னி வாளி தனியாக. விடைபெறும் மனிதன் செய்கிற உபசாரம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்திலும் களையில்லை. பெயிண்ட் பிரிவில் சண்டை போட்ட இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திலகவதி தளத்துக்குள் வந்தபோது சலசலப்பு எழுந்தது. மேடம் தளத்துக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நேராகப் போய்ச் சபாபதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்துப் புடவைத் தோளில் குத்திக்கொண்டாள். இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று இரண்டு நாட்களாக யோசித்திருந்தாள். யோசித்தவரையில் எல்லாமே பயமாகத்தான் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் இந்த இடத்தைத் தவிர அவளுக்கு வேறு வீடு வாசல் இல்லை.

"என்ன மேடம் இது?" என்றான் சபாபதி மெதுவாக.

"நீ சும்மா இரு."

அக்கா எண் வரிசைப்படிதான் கேட்பாள். வழக்கமாக இரண்டில் தொடங்குவாள். இன்றைக்கு ஒன்றாம் எண்ணுக்கும் கிளிப் வந்துவிட்டதால், தளத்தின் ஒலிபெருக்கியில் அவள் குரல், "ஒண்ணாம் நம்பர்" என்று கூப்பிட்டது. கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது.

"இருக்கேன்" என்றாள் திலகவதி.

"இந்த வாரம் உன் கையால என்ன கண்ணு செஞ்சே?"

ஸ்க்ரூ முடுக்கியதாகச் சொல்லலாம். கணினியில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லலாம். ஆனால் அவள் நினைத்து வந்த காரியத்துக்கு உண்மையே போதுமானதாக இருந்தது.

"ஒண்ணும் செய்யல."

"போன வாரம்?"

"அப்பவும் இல்ல. ரெண்டு வாரமா ஒருத்தன் இங்க போண்டா வாங்கிட்டிருந்தான். அதையும் வேடிக்கைதான் பாத்துட்டிருந்தேன்."

"இரு, பாக்கறேன். ஏப்பா, இது யாரு? ஒரு வெள்ளிக்கிழமைகூட இவகிட்டருந்து பதில் வந்ததில்லையே. இத்தனை நாளா இங்க என்ன பண்ணிட்டிருக்கே?"

திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேட்டுட்டிருந்தேன்" என்றாள். "நிறையப் பேர் பேசினதைக் கேட்டுட்டிருந்தேன். சில சமயம் அது நல்லதுக்கு. சில சமயம் பேசப் பயந்துட்டு."

"கேக்கறதெல்லாம் ஒரு வேலையா கண்ணு? அதுக்கா சம்பளம் வாங்கறே?" என்றாள் அக்கா. குரலில் வன்மம் இல்லை. கொட்டகையில் பேசிய அதே வெடுக்குத்தான். "எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்துட்டு, வீட்டுலயே இருந்துக்க."

"சரிக்கா" என்றாள் திலகவதி.

ஒலிபெருக்கி, "ரெண்டாம் நம்பர், சபா..." என்று தொடங்கியது. அதற்குமேல் வரவில்லை. தளம் முழுவதும் சட்டைகளிலும் துப்பட்டாக்களிலும் இருந்த பச்சை விளக்குகள் ஒருசேர அணைந்தன. ஒன்றாம் எண்ணோடு சேர்த்துத் தன்னையே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

யாரும் நகரவில்லை. மிருதுளா தன் கிளிப்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பின் வரிசையில் யாரோ, "இப்ப என்னங்க பண்றது?" என்றார்கள். எல்லோரும் சபாபதியைப் பார்த்தார்கள். சபாபதி திலகவதியைப் பார்த்தான்.

அவளுக்கு விடை தெரியும். நாக்கின் நுனியில் நின்றது. அவள் கிளிப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் சபாபதியின் குரல் கேட்டது: "போண்டா ஆறுதுங்க. மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க. அப்புறம் யோசிக்கலாம்."

போர்டு அவசரமாகக் கூடியது. நிறுவனரைத் தன் விதிப்படியே தயங்காமல் வெளியேற்றிய நிறுவனம் என்று பெருமைப்பட்டுக்கொண்டது. ஸ்ரீவத்சன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். குரலில் வெல்லம் கூடியிருந்தது.

"ரொம்ப முதிர்ச்சியான முடிவு திலகா. சரியான நேரத்துல ஒதுங்கிக்கறதுதான் ஃபவுண்டருக்கு அழகு. நாங்களே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தோம். சபாபதியைப் பொறுப்புல போட்டிருக்கோம். அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்த அக்கா நல்ல ஐடியா. அதை விட்டுடக்கூடாது. இந்தத் தடவை சபாபதி குரல்ல பண்ணலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"ம்" என்றாள் திலகவதி.

திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு மினி வேனில் தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். பின்னால் இரண்டு அண்டா நிறையப் போண்டா. வெள்ளிக்கிழமை அக்கா போட்ட தண்டனையைச் செலுத்தாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. பழக்கத்தில் கார்டை நீட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி அவளைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் தர்மசங்கடத்தோடு பார்வையாளர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. யாரப் பாக்கோணும்னு எழுதிக்கறனுங்க."

"சபாபதியை."

சபாபதி வந்தான். இரண்டு நாளில் பத்து வயது கூடியவனைப் போல இருந்தான். சட்டைப் பையில் புதிய கிளிப் குத்தியிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காலையில வந்ததும் நவநீதன் மாட்டி விட்டுட்டானுங்க" என்றான் அதைத் தொட்டுக் காட்டி. "இனிமே நான் பேசறதெல்லாம் இதுக்குள்ள போகுதாம். ஆறு மாசத்துல நானும் முந்நூறு பேராயிருவனாமா."

திலகவதி கிளிப்பைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. அப்படிச் செய், இப்படிச் செய், அந்த ஸ்ரீவத்சனை நம்பாதே, வெள்ளிக்கிழமை கூத்தை முதலில் நிறுத்து. ஒன்றையும் சொல்லவில்லை. வேனுக்குப் போய் ஒரு தட்டில் நான்கு போண்டாவை எடுத்து வந்து நீட்டினாள்.

"உள்ளே எல்லாரும் எங்கிட்ட வந்து வந்து கேக்கறாங்க. நான் என்னதாங்க சொல்லட்டும்?" என்று கேட்டான் சபாபதி.

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். காவலாளி ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்த பச்சை விளக்கு சற்று நேரம் காத்திருந்து பார்த்தது. பிறகு அணைந்துவிட்டது.

சபாபதி அதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"சட்னியக் காணமுங்களே அக்கா" என்றான்.